முள்ளின் சாட்சியம்

மதுரை மாட்டுத்தாவணியைச் சுற்றியுள்ள பட்டறைகளில், சித்திரை வெயில் தாரை இளக்கும் நாள்களில் மிகுதியாகக் கேட்கும் முறையீடு, வண்டி ‘ஹீட் ஆகுது’ என்பதே. இக்காலத்துக் கார்கள் பலவற்றில் சூடு காட்டும் முள்ளே கிடையாது; எல்லை மீறிய பின் எரியும் சிவப்பு விளக்கு ஒன்றுதான் உண்டு. முள் இருப்பவற்றிலும், சூடு சற்று ஏறினாலும் இறங்கினாலும் அது நடுவிலேயே நிற்கும்படி அமைத்துவிடுகிறார்கள். உரிமையாளர் வீணே கலங்கலாகாது என்ற கருணை போலும். ஆகவே மெய்யான அளவை அறிய விரும்புவோர் தனி மீட்டரும் சென்சாரும் வாங்கிவந்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸை அறுத்து, இடையே அலுமினிய இணைப்பொன்றைச் செருகி, அதன் துளையில் சென்சாரை முடுக்கச் சொல்கின்றனர். சூடு ஏற ஏற மின்தடை குறையும் சிறு பொருளொன்று அதனுள் இருக்கிறது. ஒற்றை ஒயர் சென்சாராயின் அதன் உடலே எர்த். இரு ரப்பர் ஹோஸ்களுக்கு இடையே கிடக்கும் அலுமினியத்துக்கோ வண்டியோடு யாதொரு சம்பந்தமும் இல்லையாதலால், அதிலிருந்து சேசிஸுக்குத் தனி ஒயர் இழுக்காவிடில் நீர் கொதித்தாலும் முள் அசையாது.

இதனினும் நுட்பமான ஆபத்து ஒன்றுண்டு. கூலன்ட் ஒழுகிக் குறைந்து, சென்சாரின் நுனி நீரைவிட்டுக் காற்றில் நின்றுவிடுமாயின், எஞ்சின் வெந்து ஹெட் கேஸ்கெட் கருகும் வேளையிலும் மீட்டர் குறைந்த சூட்டையே காட்டக்கூடும். “தண்ணி இருக்கிற வரைக்குந்தாண்ணே இது பேசும்” என்பார் மெக்கானிக். தான் தொட்டதை அச்சென்சார் பிழையின்றியே உரைத்தது. தொடவேண்டியதைத் தொடவில்லை என்பதை உரைக்கும் சக்திதான் அதற்கில்லை.

உயிரின் நிலையும் இதுவே. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. அங்ஙனமாயின், தவறானதைச் சார்ந்த உயிர் தன் சார்பு தவறென்பதை எதனால் அறியும்? இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தன்னைக் காட்டிக்கொள்ளும், ஆணவமோ தன்னையும் மறைத்துக்கொள்ளும் என்று திருவருட்பயனில் உமாபதி சிவம் வகுத்த பேதம் இங்கே முழுதும் பொருந்துகிறது. அறுந்த எர்த்தால் செத்துக் கிடக்கும் முள் இருள், காற்றில் நின்று நிதானமாகப் பேசும் முள் ஆணவம். இன்னொரு சென்சார் வைக்கலாமே எனின், அதற்கும் ஒரு சாட்சி வேண்டும். முடிவில்லாத் தொடராகிய அநவஸ்தை வந்து சேரும். கண்ணுக்கு உயிர் காட்டியும் உடன்நின்று கண்டும் உதவுவதுபோல உயிருக்கு இறைவன் உதவுகிறான் என்று 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் 11ஆம் சூத்திரத்தில் இதற்கு விடை கண்டார். தொடர் எங்கேனும் முடிந்தாக வேண்டும் என்பதால் மட்டும் முடியுமிடம் ஒன்று உண்டென்று ஆகிவிடாது. ஆதலால் அனுமானமாக மட்டும் கொண்டால் அவ்விடை எனக்குப் போதவில்லை.

ஆயினும் இம்மதுரையிலேயே வேறொரு சாட்சியம் உண்டு. வெப்புநோயுற்ற பாண்டிய மன்னன் நின்றசீர் நெடுமாறனின் வலப்பாகம் ஞானசம்பந்தர் தடவிய திருநீற்றால் தணிய, சமணர் பார்த்த இடப்பாகம் எரிந்தது என்று பெரியபுராணம் கூறும். ஓருடலில் ஓருயிர் இரண்டையும் ஒருங்கே உணர்ந்தமையால் அவனால் ஒப்பிட முடிந்தது. அந்தக் குளிர்ச்சியோ அவன் அறிவுக்கு முன்பே, புறத்திலிருந்து வந்தது. அருள் முந்தியது, அறிவு பிந்தியது என்று நான் கொள்வது இதனாலேதான். குளிர்ச்சியை ஒருகாலும் அறியாதவனிடம் இவ்வாதம் செல்லாது என்று தார்க்கிகர் ஆட்சேபிப்பாராயின், அதை மறுக்க என்னிடம் நியாயம் ஒன்றுமில்லை.