யோசனைக்கு ஒரு பங்கு

காலையில் பாலவாக்கம் கடற்கரையில் நடப்பது எனக்கு நெடுநாள் வழக்கம். குப்பத்தை ஒட்டி ஃபைபர் படகுகள் வரிசையாகக் கிடக்கும். ஒரு காலத்தில் அதே மணலில் கட்டுமரங்கள் கிடந்தன. கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே வெயிலில் உலர்த்துவார்கள். எத்தனையோ தலைமுறை கண்ட அந்தக் கட்டுமரத்தை விட்டு, மோட்டார் பூட்டிய படகுக்கு மாறிவிட்டார்கள். பழமையில் ஊறியவர்கள் என்று நாம் பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறோமே, அவர்கள்தாம்!

சென்ற வாரம் ஒரு படகின் நிழலில் நாலு பேர் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மீசை அரும்பாத பையன் ஒருவன், "மாமா, இந்தப் பக்கம் ஈயக்குண்டு ஜாஸ்தி. வலை தரையில அழுந்துது. நண்டு ஏறிக் கிழிக்குது. கொஞ்சம் கழட்டலாமா?" என்றான்.

கிழவர் சீறுவார் என்று எதிர்பார்த்தேன். காரியாலயங்களில் பழகிய காது வேறு எதை எதிர்பார்க்கும்?

"பத்துக் குண்டு கழட்டிப் பாரு. சரிப்படலேன்னா திரும்பக் கோத்துக்கலாம்" என்றார் அவர். அவ்வளவுதான்.

பிடித்த மீனை விற்று வரும் பணத்தைப் படகுக்கு இத்தனை, வலைக்கு இத்தனை, ஆளுக்கு இத்தனை என்று பங்கு போடுவது மீனவர் முறை. படகுக்காரருக்குப் பங்கு அதிகம். எல்லோரும் சமம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், பையனின் யோசனையால் நாலு மீன் கூட விழுந்தால் அவன் மடியிலும் அதில் கொஞ்சம் விழும்.

தொழிற்சாலைகளில் இதைப் பெரிய சாஸ்திரமாகவே வளர்த்திருக்கிறார்கள். 1950-ல் ஜப்பானில் சொற்பொழிவாற்றிய டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர், செய்து முடித்த சரக்கைச் சோதித்துக் கழிப்பதால் தரம் வராது, செய்யும் முறையை ஓயாமல் திருத்துவதால்தான் வரும் என்று போதித்தார். பிற்காலத்தில் அவர் வகுத்த 14 கொள்கைகளில் ஒன்று, வேலை செய்யுமிடத்திலிருந்து பயத்தை விரட்ட வேண்டும் என்பது. சொற்பொழிவுகள் அச்சாகி விற்ற பணத்தை அவர் தமக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. அதைக்கொண்டு ஜப்பானியர் 1951-ல் ஏற்படுத்தியதுதான் டெமிங் பரிசு. 1998-ல் நம் சென்னைப் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு அதைப் பெற்றது, இந்தியாவில் முதன்முதலாக.

பரிசைவிட, அவர் வேண்டாமென்ற பணந்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. காரணம் உண்டு.

எழுத்தை நம்பிப் பிழைக்கத் தொடங்குமுன், ஒரு பத்திரிகையில் சந்தாப் பிரதிகளை அனுப்பும் பகுதிக்கு நான் தலைவன். என்கீழ் ஆறு பேர். பிரதிகளைச் சந்தா எண்படி கட்டுவோம். வெளியூர்களுக்குத் தாமதமாகப் போகும். பசை தடவும் பையன் ஒருநாள் சொன்னான்: "ரயில் வாரியாக் கட்டினா என்ன சார்? ஒரே வண்டியில போறதெல்லாம் ஒரே மூட்டை." அப்படியே செய்தோம். புகார்க் கடிதங்கள் வெகுவாகக் குறைந்தன.

முதலாளி வந்தார். "யார் யோசனை இது?" என்று கேட்டார். பையன் பசைச் சட்டியோடு பக்கத்தில் நின்றான்.

"செய்து பார்த்தோம் சார், பலித்தது" என்றேன் நான். அதில் பொய் என்று சுட்டிக்காட்ட ஒரு சொல் இல்லை. கதை எழுதுகிறவனுக்கு வேண்டிய சாமர்த்தியம் அன்றே எனக்கு இருந்திருக்கிறது! அடுத்த மாதம் என் சம்பளம் உயர்ந்தது.

பிறகு ஆறு பேரையும் கூட்டி, "யாருக்கு எது தோன்றினாலும் தயங்காமல் சொல்லுங்கள்" என்றேன். நான் யாரையும் அதட்டியவன் அல்லன். பயப்பட அங்கே ஒன்றும் இல்லை. பையன் மரியாதையாகத்தான் பார்த்தான்.

"ஒண்ணும் தோணலை சார்."

வேலையில் அவன் ஒரு குறையும் வைக்கவில்லை. நான் அங்கிருந்த வரையில் அவனுக்கு வேறொன்றும் தோன்றவும் இல்லை. முதலாளி காலமாகும்வரை அந்த யோசனை என்னுடையது என்றே எண்ணியிருந்தார்.

இன்று காலை அந்தப் படகு கரையேறியது. வலையை உதறிக்கொண்டிருந்த கிழவரிடம், ஈயம் கழற்றியது பலித்ததா என்று விசாரித்தேன்.

"அவனைக் கேளுங்க ஐயா. அவன் சொன்ன வேலைதானே?" என்று பையனைக் கைகாட்டினார்.