பக்கத்து இருக்கை

கடலூரில் குடியிருந்துகொண்டு சிதம்பரத்தில் வேலை பார்க்கிற என்னிடம் உறவினர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வசதி இருக்கு, நல்ல ரோடும் வந்துடுச்சி. இன்னும் ஏன்பா பஸ்ஸுல இடிபடுற?" அக்கறையோடுதான் கேட்கிறார்கள். அதனால் ஒழுங்கான பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

பெட்ரோல் செலவு, புகை, பருவநிலை எல்லாமே நியாயமான காரணங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலையும், 2015இல் பெருவெள்ளத்தையும் பார்த்த மாவட்டத்துக்காரனுக்குப் பருவநிலை மாற்றம் யாரோ எங்கோ பேசுகிற விஷயம் இல்லை. ஆனாலும் என்னைப் பஸ்ஸில் ஏற்றுகிற முதல் காரணம் வேறு. தினமும் எந்த மனிதர்களோடு என் பொழுது கழிகிறது என்பதை நான் ஏறுகிற வண்டிதான் முடிவு செய்கிறது.

காலையில் கடலூர் திருப்பாப்புலியூரில் கிளம்பும் சிதம்பரம் பஸ்ஸில் முதுநகர் தாண்டுவதற்குள் நிற்கவும் இடமிருக்காது. பின்வாசலில் ஏறிய அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர், கண்டக்டரை எட்ட முடியாமல் நூறு ரூபாய்த் தாளை முன்னால் நிற்பவரிடம் நீட்டுகிறார்: "ஒரு சிதம்பரம்ணே." தாள் நாலைந்து கை மாறிப் போகிறது. டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வருகின்றன. ஒருவருக்கொருவர் பெயர்கூடத் தெரியாது. ஆனால் இடையில் ஒரு ரூபாய் காணாமல் போய் நான் பார்த்ததில்லை. ஆலப்பாக்கத்தில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் ஏறினால், உட்கார்ந்திருக்கும் அம்மா கையை நீட்டுகிறார்: "புள்ளைய இங்க குடும்மா, நான் வச்சிக்கிறேன்." பி.முட்லூர் வருகிறவரை முன்பின் தெரியாத மடியில் அந்தக் குழந்தை தூங்குகிறது.

இந்த நம்பிக்கையை எந்தப் பாடத்திலும் கற்றுத்தர முடியாது. நாம் தேர்ந்தெடுக்காத மனிதர்களின் பக்கத்தில் தினமும் உட்கார்ந்து எழுந்தால்தான் அது பழகும். கார்க் கதவை மூடிக்கொண்டு போகிறவருக்கு எதிரில் தெரிவதெல்லாம் வழியை மறிக்கும் தலைகள்தான். அதனால் அவர் கெட்டவராகிவிடுவதில்லை. ஆனால் தனியாளாகிவிடுகிறார்.

பக்கத்து இருக்கை சும்மா கிடைத்ததும் அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பு தமிழகத்தின் பல பகுதிகளில் பஸ் முதலாளிகள் ஆதிதிராவிட மக்களை ஏற்ற மறுத்தார்கள். இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், அப்படி மறுக்கும் பஸ்களின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவு போட்டுத்தான் அந்தக் கதவைத் திறந்தார். நந்தனாரின் கதையைச் சுமக்கிற ஊர் சிதம்பரம். 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கிய ஊர். யார் எங்கே நிற்கலாம், எங்கே உட்காரலாம் என்பதற்காக இத்தனை போராட்டம் நடந்த மண்ணில், எல்லோரும் ஒரே படியில் ஏறி, காலியாக இருக்கும் இருக்கையில் சாதி பார்க்காமல் உட்காரலாம் என்பது சாதாரணச் சாதனை இல்லை.

அது இன்னும் முழுமையாகவில்லை என்பதும் உண்மை. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவரை நாற்றம் என்று சொல்லி அரசுப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அது எல்லோருக்குமான வண்டி என்பதால்தான் மாநிலமே நியாயம் கேட்க முடிந்தது. அதே ஆண்டு மே மாதம் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவும், அம்மா வீட்டுக்குப் போகவும் வீட்டில் யாரிடமும் கை நீட்டிக் காசு கேட்க வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய விடுதலை என்று அந்தப் பஸ்ஸில் போகிற பெண்களின் பேச்சைக் கேட்டால் புரியும்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2019-21இல் இந்தியாவில் நூற்றுக்குச் சுமார் எட்டுக் குடும்பங்களிடம்தான் கார் இருந்தது. சைக்கிள் பாதிக் குடும்பங்களில் இருந்தது. ஆனால் நம் சாலைகள் யாருக்காகப் போடப்படுகின்றன என்று பாருங்கள். சிதம்பரத்தின் நான்கு வீதிகளும் தேரோடுவதற்கென்றே அகலமாக விடப்பட்டவை. ஆனித் திருமஞ்சனத்தின்போதும் மார்கழித் திருவாதிரையின்போதும் ஐந்து தேர்களையும் வடம் பிடித்து இழுக்கிற கூட்டத்துக்கு அங்கே இடமிருக்கிறது. மற்ற நாட்களில் ஓரமெல்லாம் வண்டிகள் நிற்க, பள்ளிப் பிள்ளைகள் நடுவீதியில் நடக்கிறார்கள். இடத்தை யாருக்குக் கொடுப்பது என்பதை நாம்தான் யோசிக்காமல் விட்டுவிட்டோம்.

"நேரம் மிச்சமாகுமே" என்பார்கள். 1970களில் இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர் ஒரு கணக்குப் போட்டார். சராசரி அமெரிக்கர் காரில் உட்கார்ந்திருக்கும் நேரத்தோடு, அதன் விலைக்கும் பெட்ரோலுக்கும் காப்பீட்டுக்கும் சம்பாதிக்க உழைக்கும் நேரத்தையும் கூட்டினால் ஆண்டுக்கு 1,600 மணி நேரம். அதில் அவர் போகும் தூரம் 12,000 கிலோமீட்டர். மணிக்கு எட்டுக் கிலோமீட்டர்கூட வரவில்லை. சைக்கிள் அதைவிட வேகம்.

மஞ்சக்குப்பத்திலிருந்து அண்ணா பாலம் வழியாகக் கெடிலம் ஆற்றைத் தாண்டி பஸ் நிலையத்துக்கு நான் சைக்கிளில்தான் போகிறேன். கேப்பர் மலைப் பக்கம் போனால்தான் மேடு. மற்றபடி எதிர்க்காற்றை மட்டும் சமாளித்தால் போதும். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது, எங்கே ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கிறது என்பதெல்லாம் கண்ணில் படுகிறது. சைக்கிள் தருவது இந்தக் காட்சிகளை மட்டும் அல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி எழுத்தறிவு இயக்கம், அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில், ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. கேலி பேசிய ஊர்களில் குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் தலைநிமிர்ந்து ஓட்டிப் போனார்கள். கையில் காசு அதிகம் இல்லாதவருக்கும் தன் போக்குவரத்தைத் தானே நடத்திக்கொள்ளும் உரிமையைத் தருகிற வண்டி அது.

எல்லோரும் காரை விற்றுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. முட்டிவலிக்காரருக்கும், பிரசவ வலி வந்தவருக்கும், நள்ளிரவுப் பயணத்துக்கும் கார் வேண்டும். 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1.68 லட்சம் பேர் இறந்த நாட்டில், நெடுஞ்சாலையில் தைரியமாகச் சைக்கிள் ஓட்டுங்கள் என்று சொல்லவும் மனம் வராது. தனித்தடம் வேண்டும், நிழல் வேண்டும், பஸ் நிலையங்களில் பெண்கள் தயங்காமல் போகிற கழிப்பறை வேண்டும், கடைசிப் பஸ் இன்னும் கொஞ்சம் தாமதமாகக் கிளம்ப வேண்டும்.

இவற்றை யார் கேட்பது? வசதியும் செல்வாக்கும் உள்ளவர்கள் விலகிப் போனபின் அரசுப் பள்ளிகள் பலவற்றுக்கு என்ன ஆனதோ, அதுவேதான் பஸ்ஸுக்கும் நடக்கும். அதிகாரியின் காதில் ஏறுகிற குரல்கள் எல்லாம் காருக்குள் போய்விட்டால், வராத பஸ்ஸுக்காக வெயிலில் நிற்கிறவர்களின் குறை எந்த மேசைக்கும் போய்ச் சேராது. கார் வாங்க முடிகிற நான் பஸ் நிறுத்தத்தில் நிற்பது தியாகம் இல்லை. பஸ் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று மனு எழுதிப் போடுகிற கையும், பதில் வரும்வரை விடாமல் கேட்கிற வாயும் அந்த வரிசையில் இருக்க வேண்டும். காரை வீட்டில் நிறுத்திவிட்டு நீங்களும் வந்தால் அந்த மனுவில் கையெழுத்து ஒன்று கூடும்.