தன் கையால் எடுத்துக்கொள்ளும் உரிமை

பிறர் எடுத்துக் கொடுக்க வாங்கிக் கொள்வதும், தானே எடுத்துக் கொள்வதும் ஒன்றல்ல. பெறுகின்ற பொருள் ஒன்றேயாயினும் பெறுகின்றவரின் நிலை இரண்டிலும் வேறு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் விருந்து நாள்களில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அங்கே பரிமாறுபவரின் தயவை நோக்கி எவரும் காத்திருப்பதில்லை. அவரவர் கை அவரவருக்கு உதவும். ஆயினும் அந்தச் சமத்துவம் தானாக நேர்ந்துவிடுவதன்று. சஹன் நடுவில் வைக்கப்படுகிறது. முதியவர் ஒருவருக்குக் கை எட்டவில்லையென்றால் அது அவர் பக்கமாகச் சற்று நகர்த்தப்படுகிறது. நகர்த்தியவர் அதனை உதவியென எண்ணுவதில்லை; முதியவரும் நன்றி கூறுவதில்லை.

நூலகங்களில் பரவிவரும் சுயசேவை முறையைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இந்தச் சஹனே நம் நினைவுக்கு வருகிறது. நீங்களே தேடிக் கொள்ளுங்கள், நீங்களே பதிந்து கொள்ளுங்கள், நீங்களே திருப்பி வைத்துவிட்டுச் செல்லுங்கள் என்று நூலகம் வாசகரிடம் கூறுகிறது. இது மரியாதையா, கைகழுவலா? சஹன் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது என்பதே நம் விடை.

இம்முறையின் வரலாறு பெருமைக்குரியது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்த காலம் உண்டு. இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டு தேவாலயத்தில் அச்சங்கிலிகளை இன்றும் காணலாம். சங்கிலி அகன்ற பின்னும் மூடிய அடுக்கு நீடித்தது. வாசகர் ஒரு சீட்டில் நூலின் பெயரை எழுதி நீட்ட வேண்டும். உள்ளே இருப்பவர் மனமிருந்தால் தேடுவார், இல்லையேல் கையை விரிப்பார். 1894-இல் லண்டன் கிளார்க்கன்வெல் நூலகத்தில் ஜேம்ஸ் டஃப் பிரவுன் பொதுமக்களை அடுக்குகளுக்கிடையே நடமாட விட்டது பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, இங்கிலாந்து சென்று கற்றுத் திரும்பியபின் திறந்த அடுக்கு முறையை இங்கு வேரூன்றச் செய்தார். 1931-இல் அவர் வகுத்து வெளியிட்ட ஐந்து விதிகளுள் இரண்டாவது, நூல் ஒரு சிலருக்கன்று, ஒவ்வொரு வாசகருக்கும் உரியது என்பதாகும். அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் ஏறி நூல்கள் ஊர் ஊராகச் சென்றன. வாசகரால் வர இயலாவிடில் நூல் செல்லட்டும் என்ற அந்த எண்ணத்தில் நம் கேள்விக்கான பாதி விடை அடங்கியிருக்கிறது.

திறந்த அடுக்கின் அடுத்த படியே இன்றைய பொறி. நூலின் அட்டையினுள் ஒரு சிறு சில்லும் மெல்லிய கம்பிச் சுருளும் ஒட்டப்பட்டிருக்கும். பொறியின் பலகைமீது நூலை வைத்தவுடன் ரேடியோ அலையின் வழியே அது தன்னை அறிவித்துக் கொள்ளும். சிங்கப்பூரில் புக்கிட் பாத்தோக் நூலகத்தில் 1998-இலேயே இம்முறை நடைமுறைக்கு வந்துவிட்டது. கோடு போட்ட சீட்டைக் கண்ணாடிக்கு நேரே பிடிக்க வேண்டிய பழைய முறையைவிட, கண் தெரியாதவருக்கும் கை நடுங்குபவருக்கும் இது எளிது. மற்றொரு நன்மையும் உண்டு. அதை நாம் பெரிதாக மதிக்கிறோம். தனக்கு வந்துள்ள நோயைப் பற்றியோ, மணவிலக்குச் சட்டத்தைப் பற்றியோ படிக்க விரும்பும் ஒரு பெண், மேசைக்குப் பின்னால் இருக்கும் தெரிந்த முகத்திடம் அந்நூலின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. சிற்றூரில் இது சிறிய விடுதலையன்று.

ஆகவே பொறியை நாம் பழிக்கவில்லை. அது எந்த உயரத்தில், எந்த மொழியில், யாரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டிருக்கிறது என்பதே கேள்வி. இதனைப் பெருநகரில் வைத்து ஆராய்வதைவிட, எட்டாத கைகள் மிகுந்த ஓர் ஊரில் வைத்து ஆராய்வது நல்லது.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது மரக்காணம். ஒரு பக்கம் கடல். மறுபக்கம், 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி. இடையில் கண்ணுக்கெட்டிய தொலைவு உப்புப் பாத்திகள். கோடையில் வெயில் ஏறுமுன்பே பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறார்கள். அதனைக் கரைசேர்க்கும் தலைச்சுமை பெரும்பாலும் பெண்களுடையது. இவ்வூரின் நூலகமொன்றில் நாளை அத்தகைய பொறி வைக்கப்படுவதாகவும், நாற்பது வயதுடைய உப்பளப் பெண் ஒருவர் தம் மகளுக்குப் பாடநூலும் தமக்கொரு கதைநூலும் எடுக்க வருவதாகவும் கொள்வோம்.

பல்லாண்டுகள் உப்பின் வெண்மையில் பட்டுத் தெறித்த வெயிலைப் பார்த்துக் கூசிய கண்கள் அவருடையவை. திரையோ வெள்ளைப் பின்னணியில் சாம்பல் நிறப் பொடியெழுத்துகளைக் காட்டுகிறது. விரல் பதிக்கச் சொல்கிறது. உப்புநீரில் ஊறி வெடித்த விரலின் ரேகையை, நியாயவிலைக் கடையின் கருவியே பல வேளைகளில் ஏற்க மறுக்கிறது. இது மட்டும் ஏற்குமா? கைப்பேசிக்கு வந்த எண்ணைச் சொல் என்கிறது. வீட்டில் இருப்பதோ ஒரே கைப்பேசி. அது கணவரிடமோ மகனிடமோ இருக்கிறது. அவர் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் திரை மாறி, முதற்பக்கத்துக்கே திரும்பிவிடுகிறது. பின்னால் நிற்கும் கல்லூரி மாணவர் பொறுமையிழந்து செருமுகிறார். அந்தப் பெண் நூல்களைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு வெளியேறுகிறார். பொறியின் கணக்கில் இவரைப் பற்றி ஒரு வரியும் இராது.

இவரிடம் எந்த மருத்துவச் சான்றிதழும் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளை வரிசைப்படுத்திற்று. பொதுக் கட்டடங்களும் சேவைகளும் அவர்கள் அணுகத் தக்கனவாக இருக்க வேண்டுமென்று விதித்தது. சாய்தளம் ஓர் அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது போன்ற அளவுகளும் அரசு வழிகாட்டு நெறிகளில் உள்ளன. அவை யாவும் வேண்டியவையே. ஆனால் உப்பளப் பெண் அந்த இருபத்தொன்றில் எதிலும் அடங்கார். எழுதப்பட்ட பட்டியலுக்குப் புறத்தே எப்போதும் சிலர் நின்றுகொண்டிருக்கிறார்கள். நம் பாட்டிமார் பலர் அரபுத்தமிழில் மாலைகளும் கிஸ்ஸாக்களும் சரளமாக ஓதினார்கள். தமிழெழுத்து அறியாததால் கணக்கெடுப்பவர் அவர்களைப் படிக்காதவர்கள் என்றே குறித்துக் கொண்டிருப்பார். அடுக்கின்மேல் ஒட்டிய எழுத்தைப் படிக்க இயலாதவர் வாசகரே அல்லர் என்று யார் சொல்வது?

கண்ணிழந்தவருக்கும் நூலுக்கும் உள்ள உறவைப் பற்றி நம் மரபில் ஒரு செய்தி உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸஃபதீ என்ற அறிஞர், பார்வையிழந்த பெருமக்களின் வரலாறுகளை மட்டுமே தொகுத்து ஒரு நூல் யாத்தார். அதில் பக்தாதைச் சேர்ந்த ஜைனுத்தீன் ஆமிதீ என்பவரைப் பற்றிக் கூறுகிறார். இவர் கண்ணிழந்தவர், நூல் வணிகர். நூல் ஒன்றை வாங்கியவுடன், மெல்லிய தாளைத் திரித்து எழுத்தின் வடிவாக வளைத்து அட்டையின் உட்புறத்தில் ஒட்டி, அதன்மேல் மற்றொரு தாளையும் ஒட்டிவிடுவாராம். எழுத்துக்கு எண் வழங்கும் அப்ஜது கணக்கில் (786 என்னும் எண்ணால் நம் வீடுகளில் அறிமுகமான கணக்குதான்) அது அந்நூலின் விலையைக் குறிக்கும். மறந்துவிட்டால் விரலால் தடவி அறிந்து கொள்வார். லூயி பிரெய்ல் பிறப்பதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்! தம் நூலடுக்கில் பிறர் கண்ணை எதிர்பாராமல் இயங்கவே அவர் விரும்பினார் போலும். அந்த விருப்பத்தைத்தான் நாம் இங்கே உரிமை என்கிறோம்.

இன்னும் ஆழமானது குர்ஆனின் எண்பதாம் அத்தியாயம். குறைஷித் தலைவர்களோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உரையாடிக் கொண்டிருந்த வேளையில், பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அறிவு நாடி வந்து குறுக்கிட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் முகம் சுளித்துத் திரும்பிக் கொண்டார்கள். உடனே இறைவசனம் இறங்கி அதனைத் திருத்திற்று. பின்னாளில் மதீனாவை விட்டு வெளியே செல்லும்போது அதே தோழரைத் தம் பொறுப்பில் அமர்த்திச் சென்றார்கள் என்பதையும் நாம் அறிவோம். இந்நிகழ்ச்சியில் நம்மைச் சிந்திக்க வைப்பது ஒன்று. வந்தவர் பார்வையற்றவர், முகச் சுளிப்பை அவர் கண்டிருக்க இயலாது. அவருடைய உள்ளம் புண்பட்டதா என்பதைக் கொண்டு அங்கே தவறு அளக்கப்படவில்லை. நாடி வந்தவருக்குரிய கவனம் வேறு பக்கம் திரும்பியதே திருத்தத்துக்கு உரியதாயிற்று. எவரும் புகார் சொல்லவில்லையே என்று கூறும் நிருவாகிகள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

செலவைக் காட்டி மறுப்போர் உண்டு. பார்வையற்றவர் எத்தனை பேர் வருகிறார்கள், அவர்களுக்காகப் பேசும் பொறியும் தாழ்ந்த மேசையும் வாங்க வேண்டுமா என்பார்கள். படிக்கட்டின் கீழேயே நின்றுவிட்டவர்களை வாசற்படியில் வைத்த வருகைப் பதிவேடு எப்படிக் கணக்கிடும்? சென்னையில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் தரைத்தளத்தில் பிரெய்ல் பிரிவு அமைத்தார்கள். 2023-இல் மதுரையில் எழுந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தரைத்தளத்தில் பிரிவு உண்டு. பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் நூல்களை ஆக்குவதற்குப் பதிப்புரிமை தடையாகாமலிருக்க 2013-இல் மொராக்கோவின் மராக்கிஷ் நகரில் உடன்படிக்கை உருவானபோது, அதனை முதன்முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியாவே, ஆண்டு 2014. ஆகவே மனம் இல்லாத நாடு என்று நம்மைச் சொல்ல முடியாது. மனம் மாநகரோடு நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

மற்றொரு சாரார், பொறி எதற்கு, ஊழியரே எடுத்துக் கொடுத்தால் போதாதா என்பர். கனிவுள்ள ஊழியர் ஓர் அருட்கொடை, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் மற்றவர்கள் தாமே எடுத்துச் செல்ல, தாம் மட்டும் கேட்டு வாங்க வேண்டியவரின் நிலை என்ன? கொடுப்பவர் எவ்வளவு கனிவுடையவராயினும், கேட்பவரின் குரல் நாளடைவில் தாழ்ந்துவிடும். அதே வேளையில், பொறி வந்துவிட்டதென்று ஊழியரை அகற்றுவதை நாம் இன்னும் கடுமையாக எதிர்க்கிறோம். ஊர்ப்புற நூலகங்களில் இருப்பவரே ஒரே ஒருவர். பதிவேட்டில் தேதி குத்தும் வேலையிலிருந்து பொறி அவரை விடுவித்தால், அவர் மேசையைவிட்டு எழுந்து அடுக்குகளுக்கிடையே வரலாம். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்குப் பக்கத்தில் நின்று வழிகாட்டலாம். கேட்டவருக்கு மட்டும் உதவி, கேளாதவருக்குத் தனிமை என்ற நாகரிகத்தை அவர் கற்றிருந்தால் போதும். மேலும், கடற்காற்றின் உப்பு மின்கருவிகளை எப்படி அரிக்கும் என்பது மரக்காணத்தில் எவருக்கும் தெரியும். திரை இருண்டுபோன நாளில் மனிதர் ஒருவர் அங்கே இருக்கத்தான் வேண்டும்.

இவையெல்லாம் தர்மமாகச் செய்ய வேண்டியவை என்று கருதுவோரிடமிருந்தும் நாம் வேறுபடுகிறோம். ஸதக்கா வேறு, ஹக்கு வேறு. 1948-இல் சென்னை மாகாணம் இந்தியாவுக்கே முன்னோடியாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியபோது, நூலகத்துக்கென ஒரு வரியையும் அதில் சேர்த்தது. உள்ளாட்சி மன்றங்கள் வீட்டு வரியோடு சேர்த்து இன்றும் அதனை வசூலிக்கின்றன. உப்பளத் தொழிலாளியின் ஓட்டு வீட்டுக்கும் வரி உண்டு. நூலகத்தின் ஒவ்வொரு அலமாரியிலும் அவர் காசும் கலந்திருக்கிறது. எட்டாத உயரத்தில் அடுக்கி வைத்தது அவருக்கும் உரிய பொருளை.

பேசும் திரை, பெரிய எழுத்து, நாற்காலியில் அமர்ந்தவருக்கும் எட்டும் பலகை, விரல்ரேகைக்கும் கைப்பேசிக்கும் மாற்றாக ஒரு சாதாரண அட்டை, அவசரப்படுத்தாத நேரம்: இவற்றை வாங்கும்போதே கேட்டால் அதிகச் செலவில்லை, வாங்கிய பிறகு சேர்ப்பதுதான் செலவு. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பாத்திகள் மழைநீரில் மூழ்கிக் கிடக்கும். உப்பளப் பெண்களுக்கு அப்போது வேலையில்லை. நூலகத்துக்கு வர நேரமுண்டு. பொறியை விலைபேசுமுன் அதைச் சோதித்துப் பார்க்க அவர்களில் நால்வரை அந்நாள்களில் அழைக்கலாம்.