பிறர் வலியும் நமது பொறுமையும்

ஒரு வெள்ளிக்கிழமை. தாம்பரம் பகுதிப் பள்ளிவாசல் ஒன்றில் ஜும்ஆ முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தோம். சகோதரர் ஒருவர் நம்மை நிறுத்தி, "ஹஜ்ரத், உம்மாவுக்குத் தோள்பட்டையில் தீராத வலி. கரண்ட் வைத்து, கையைப் பிடித்துப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். அங்கே பயிற்சி கொடுப்பவர் ஆண். போகலாமா, பொறுத்துக்கொள்ளச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். அவசரத்திலிருந்த நாம், "பொறுமைக்குப் பெரும் நன்மை உண்டு. பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்று கூறிவிட்டு நடந்தோம்.

சில மாதங்கள் கழித்து அதே சகோதரரைக் கண்டோம். தாயாரின் கை இறுகிப்போயிருந்தது. தக்பீர் கட்டத் தோள்வரை கையை உயர்த்த முடியவில்லை. தலைமுடியைத் தாமே முடிந்துகொள்ளவும் இயலவில்லை. அந்த அம்மையாருக்கு நீரிழிவும் உண்டு. தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுகிவிடும் இந்நோய், நீரிழிவுள்ளோரை மற்றவர்களைவிட அதிகமாகப் பீடிக்கும் என்பதைப் பிறகுதான் அறிந்தோம்.

அன்றிரவு ஒரு கேள்வி நம்மை உறங்கவிடவில்லை. வலி அந்தத் தாயாருடையது. பொறுமையைத் தீர்மானித்தவர்களோ மகனும் நாமும். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டோமா?

வைத்தியம் செய்துகொள்வது தவக்குலுக்கு மாறானதல்ல. கிராமப்புற அரபிகள் வந்து இதைப் பற்றிக் கேட்டபோது, மருந்து செய்துகொள்ளும்படியே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள்; முதுமையைத் தவிர மற்ற ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் நிவாரணம் வைத்திருக்கிறான் என்றும் அறிவித்தார்கள். உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் உள்ளது.

அப்படியானால் நோயில் பொறுமை காப்பதன் சிறப்பு என்னவாயிற்று என்று சிலர் கேட்கக்கூடும். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான ஒரு நிகழ்ச்சியைச் சிந்திக்க வேண்டும். வலிப்பு நோயால் அவதியுற்ற பெண்மணி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து துஆச் செய்யக் கோரினார். பொறுத்துக்கொண்டால் சொர்க்கம் உண்டு. விரும்பினால் குணமடைய துஆச் செய்வதாகவும் நபியவர்கள் கூறினார்கள். இரண்டையும் முன்வைத்துவிட்டு முடிவை அந்தப் பெண்மணியிடமே விட்டார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்துகொண்டார். ஆனால் வலிப்பு வரும்போது தம் ஆடை விலகிவிடுவதாக வருந்தினார். அது விலகாதிருக்க நபியவர்கள் துஆச் செய்தார்கள்.

இதிலிருந்து நாம் பெறும் பாடங்கள் இரண்டு. பொறுமை, வலியை அனுபவிப்பவர் தாமே மேற்கொள்ளும் வணக்கம். அடுத்தவர் அவர்மீது சுமத்தும் கட்டளையல்ல. ஒரு பெண்ணின் வெட்கத்தை மதித்து அதற்கு வழி காண்பதும் சுன்னத். "ஆண்தான் இருக்கிறார்" என்பதோடு பேச்சை முடித்துவிடுவது போதாது.

வழியும் இல்லாமற் போகவில்லை. பெண் இயன்முறை மருத்துவர்கள் இன்று நிறையவே இருக்கிறார்கள்; முதலில் அவர்களைத் தேட வேண்டும். கிடைக்காதபோது, தேவையான அளவுக்கு மட்டும், மஹ்ரம் உடனிருக்க, ஆண் மருத்துவரிடம் காட்ட ஃபிக்ஹு அறிஞர்கள் அனுமதித்துள்ளனர். 1928-இல் நிறுவப்பட்ட காசநோய் ஆரோக்கிய நிலையத்தால் பெயர் பெற்ற தாம்பரம் சானடோரியத்தில், 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இயங்குகிறது. தொக்கணம், வர்மம் முதலிய கைமுறைச் சிகிச்சைகள் அங்கே உண்டு. கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை இருக்கிறது. 2021-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீடு தேடிவரும் இயன்முறைச் சிகிச்சை சேர்க்கப்பட்டது.

இன்னொன்றையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். கருவியின்மீது அளவுகடந்த நம்பிக்கை வைப்பதும் தவறு. இடித்துக்கொண்ட இடத்தைக் கையால் தேய்த்தால் நோவு மட்டுப்படுகிறதல்லவா? தொடுவுணர்ச்சி தண்டுவடத்தில் வலியுணர்ச்சியை மட்டுப்படுத்துகிறது என்று 1965-இல் மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் விளக்கினர். மெல்லிய மின்சாரம் வைக்கும் முறைக்கு அதுவே அடிப்படையாயிற்று. ஆயினும் உலக சுகாதார நிறுவனம் 2023-இல் நாட்பட்ட இடுப்புவலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், அந்த மின்சாரத்தையும் அல்ட்ராசவுண்ட் கருவியையும் வழக்கமாகப் பயன்படுத்தப் பரிந்துரைக்கவில்லை; உடற்பயிற்சியையும் கைமுறைச் சிகிச்சைகள் சிலவற்றையும் பரிந்துரைத்தது. கருவி ஒரு காரணமே. ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. நடுவில் அடியானின் முயற்சிக்கும் இடமுண்டு.

அய்யூப் (அலை) அவர்கள் தம் துன்பத்தை இறைவனிடம் முறையிட்டார்கள். முறையிட்டதால் அவர்களின் பொறுமை குறைந்துவிடவில்லை. பொறுமையாளர் என்றே குர்ஆன் அவர்களைப் புகழ்கிறது. குளிக்கவும் பருகவும் குளிர்ந்த நீர் அருளப்பட்டது. ஆனால் அதற்கு முன், காலால் தரையை உதைக்கும்படி கட்டளை வந்தது! காலை உதைக்காமலே நீரைத் தர வல்லவன் அல்லாஹ். இருந்தும் நோயுற்ற அடியாரை அசையச் சொன்னான்.

ஆகவே, தாய்க்கோ மனைவிக்கோ வலி என்றால், அவரது விருப்பத்தை முதலில் கேளுங்கள். மின்சார ரயிலில் உடன் சென்று வாருங்கள். மருத்துவர் கற்றுத் தந்த பயிற்சியை வீட்டில் செய்ய அவருக்கு நேரம் கொடுங்கள். அந்த நேரத்தில் தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள். பொறுமை வேண்டுமானால், அங்கே காத்திருக்கும் நேரத்தில் நாம் காட்டுவோம்.

அந்தச் சகோதரரின் வீட்டுக்குச் சென்று தாயாரிடம் மன்னிப்புக் கேட்டோம். திரைக்கு அப்பாலிருந்து, "இப்போது காதுவரை கை வருகிறது, ஹஜ்ரத்" என்றார். அல்ஹம்துலில்லாஹ்.

பிறர் வலியை நம் வலியாக உணரும் உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.