தலை யாருடையது?

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. பெருந்துன்பம் ஒன்று சிற்றிழப்போடு விலகிப்போகும் வேளைகளில் அதைச் சொல்லி ஆறுதல் கொள்கிறோம். அதன் நேர்ப்பொருளை எண்ணிப் பார்ப்பார் சிலரே. அடி ஒன்று தலையை நாடி வந்தது, தலையின்மேல் ஒரு துணிச்சுற்று இருந்தது, அடியை அது வாங்கிக்கொண்டது, தலை பிழைத்தது. பாகை அணியாதவனுக்கு இப்பழமொழியால் என்ன ஆறுதல் கிடைக்கும்?

"எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்" என்றும் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அப்படியிருந்தும் மோட்டார் சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ ஏறும்போது மட்டும் வெறுந்தலையோடு ஏறுகிறோம். தலைக்கவசம் அணியுங்கள் என்று அரசு கட்டாயப்படுத்தினால் சினம் கொள்கிறோம். தன் தலையைக் காத்துக்கொள்வது ஒருவனுடைய விருப்பமா, கடமையா? கடமையென்றால் யாருக்குச் செய்யும் கடமை? இவ்வினாவை இம்மலரின் வாயிலாகச் சற்று ஆராய்வோம்.

திருவேங்கடத்தின் அடிவாரத்தில் வாழும் நமக்கு இது ஏட்டளவில் நின்றுவிடும் வினா அன்று. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகக் குறித்த மலை இது. இம்மலைக்கு முதல் வண்டிப்பாதை 1944ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. 1974இல் இரண்டாவது பாதை அமைந்தபின், புதியது ஏறுவதற்கும் பழையது இறங்குவதற்கும் என்று வகுக்கப்பட்டன. இறங்கும் பாதையில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவுகள். அப்பாதையில் நாம் பலமுறை கண்டு பழகிய காட்சி ஒன்றுண்டு. கல்யாணக்கட்டையில் முடி காணிக்கை செலுத்திய தந்தை, சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு வண்டியை ஓட்டி வருகிறார். அவர் முன்னே மொட்டையடித்த குழந்தை. பின்னே பிரசாதப் பையை மடியில் இறுக்கிப் பிடித்த தாய். முடியை இறைவனுக்கு அளித்தவர்கள், தலையைத் தற்செயலுக்கு அளித்துவிட்டு இறங்குகிறார்கள்.

"என் தலை, என் விருப்பம். விழுந்தால் உடையப்போவது என் மண்டைதானே? இதில் அரசுக்கு என்ன வேலை?" என்று கேட்பாருளர். இவ்வாதம் நீதிமன்றப் படியும் ஏறியதுண்டு. அதுவும் நம் ஆந்திர மாநிலத்து விதியைப் பற்றியே. 1964ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேச மோட்டார் வாகன விதிகளில் ஒன்று, தலைக்கவசமின்றி ஸ்கூட்டரோ மோட்டார் சைக்கிளோ ஓட்டலாகாது என்றது. தடையின்றி நடமாடும் உரிமையை இவ்விதி பறிக்கிறது என்று உச்சநீதிமன்றத்தில் முறையிடப்பட்டது. 1988இல் உச்சநீதிமன்றம் அம்முறையீட்டை ஏற்க மறுத்தது. வண்டியோட்டியின் பாதுகாப்பை நாடும் விதி, நடமாடும் உரிமைக்கு ஊறு செய்வதாகாது என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டத்தின் விடை அது. அறத்தின் விடையும் அதுதானா? உரிமை பேசுவோரின் பக்கத்தை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. ஆங்கிலேய அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய தம் நூலில், பிறருக்குத் தீங்கு வராமல் தடுப்பதற்காக மட்டுமே ஒருவனைச் சமுதாயம் கட்டாயப்படுத்தலாம். அவனுடைய சொந்த நன்மைக்காகக் கட்டாயப்படுத்தல் தகாது என்று வாதிட்டார். இடியும் நிலையிலுள்ள பாலத்தை அறியாமல் கடக்கப் போகிறவனைப் பிடித்து நிறுத்தலாம். ஆனால் ஆபத்து உறுதியில்லாததாய் இருந்து, அதை அறிந்தே அவன் கடக்க விரும்பினால், எச்சரிப்பதோடு விட்டுவிட வேண்டும் என்பது அவர் கருத்து. பெரியோர் சொல்வதையெல்லாம் கைகட்டிக் கேட்டுப் பழகிய நம் சமுதாயத்துக்கு இச்சிந்தனை ஒரு நல்ல மருந்து என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அந்தப் பாலத்தின்மேல் நடப்பவன் தனியாகத்தான் நடக்கிறானா? அவன் கையைப் பற்றியபடி ஒரு குழந்தையும் நடக்கிறதன்றோ? சாலையில் விழுகிறவனின் மண்டை ஒன்றுதான். அத்தோடு உடைவன பல. மனைவியின் நாள்கள் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கழிகின்றன. மகளின் படிப்பு பாதியில் நிற்கிறது. தலையில் பட்ட அடி உயிரை விட்டுவைத்தாலும், பேச்சையோ நினைவையோ எடுத்துக்கொண்டு போவதுண்டு. அப்போது ஒரு குடும்பமே பல்லாண்டுகள் ஒரு கட்டிலைச் சுற்றி வாழ நேர்கிறது.

குடிபெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு இந்தச் சுமை இருமடங்கு. பணி நிமித்தமும் வணிக நிமித்தமும் ஊரை விட்டு வந்து திருப்பதியிலும் சித்தூரிலும் குடியேறியவர்கள் நம்மில் பலர். சொந்த ஊரில் ஒரு விபத்து என்றால் மாமன், மைத்துனன், சித்தப்பா, பெரியப்பா என்று பத்துப் பேர் ஓடிவருவார்கள். இங்கே அண்டை வீட்டாரின் நல்ல மனமே துணை. இனி, நம் பிள்ளைகளோ இன்னும் தொலைவாகக் கடல் கடந்து போயிருக்கிறார்கள். நள்ளிரவில் மணியடிக்கும் தொலைபேசியை எடுக்கத் தயங்கும் கை அங்கும் உண்டு, இங்கும் உண்டு. 'என் தலை' என்று நாம் சொல்லும் பொருளில் இத்தனை பேருக்குப் பங்கு இருக்கிறது. பங்காளிகளைக் கேளாமல் பொதுச் சொத்தைப் பணயம் வைப்பதை நம் அறநூல்கள் எதுவும் உரிமையென்று ஒப்புக்கொள்ளா.

கவசம் காக்கும் என்பதற்குச் சான்று என்ன? அரேபியப் பாலைவனத்துப் போர்களால் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ், 1935ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்பட்டு, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து மாண்டார். அவருக்கு மருத்துவம் செய்தவர்களுள் ஒருவரான மூளை அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ், அதன்பின் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அவ்வாண்டின் இறுதிக்குள் பிரிட்டிஷ் இராணுவம், செய்தி கொண்டுசெல்லும் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. பிற்காலத்தில், 2008இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, மோட்டார் சைக்கிள் விபத்துகளில் கவசம் சாவின் வாய்ப்பை ஏறத்தாழ 42 விழுக்காடும், தலைக்காயத்தின் வாய்ப்பை ஏறத்தாழ 69 விழுக்காடும் குறைப்பதாகக் கணக்கிட்டது.

கடல் கடந்த நம் பிள்ளைகளின் வீடுகளிலும் இதே வினா வேறு உருவில் எழுகிறது. குளிர்நாடுகளில் பள்ளிச் சிறுவர்களாகிய நம் பேரக்குழந்தைகள், கால்களில் பலகை பூட்டிப் பனிச்சரிவில் சறுக்கி விளையாடுகிறார்கள். அங்கும் கவசம் வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கு நெடுநாளாக உண்டு. 2009ஆம் ஆண்டு கனடாவின் கியூபெக் மாநிலத்தில், புதிதாகக் கற்பவர்களுக்கான எளிய சரிவில், கவசமின்றிச் சறுக்கிய நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் விழுந்தார். முதலில் ஒன்றுமில்லை என்றே எழுந்து பேசியவர், இரண்டு நாளில் இறந்துபோனார். 2012இல் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலம், பனிச்சறுக்குவோர் அனைவருக்கும் கவசத்தைச் சட்டமாக்கியது.

மறுபக்கமும் உண்டு. 2013ஆம் ஆண்டு டிசம்பரில் பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையில் கார்ப் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் சறுக்கி விழுந்து, பாறையில் மோதித் தலையில் கொடுங்காயமுற்றார். அவர் கவசம் அணிந்திருந்தார். "பார்த்தீர்களா, கவசம் இருந்தும் என்ன பயன்?" என்று சிலர் கேட்டனர். கவசம் இல்லாதிருந்தால் அவர் மருத்துவமனைக்கே உயிரோடு வந்திரார் என்றனர் மருத்துவர்கள். குடை பிடித்தவனும் பெருமழையில் நனைவான். அதனால் குடை வீண் என்று யாரும் குடையை எறிவதில்லை. கவசம் அணிந்தவன் துணிவு மிகுந்து வேகமாய்ப் போவான் என்ற வாதத்தையும் கேட்கிறோம். அதில் ஓரளவு உண்மை இருக்கக்கூடும். அதற்குரிய மருந்து வேகத்தை அடக்குவதே.

இனி நம்மிடையே பலர் வாய்விட்டுச் சொல்லாத, ஆனால் உள்ளத்தில் வைத்திருக்கும் வாதம் ஒன்றுண்டு. "எல்லாம் தலைவிதி. ஏழுமலையான் காப்பான்." மலைப்பாதை தொடங்குமிடத்தில் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் புறப்படுகிறோம். அந்த நம்பிக்கையை நாம் எள்ளவில்லை. ஆனால் அம்மலையின் நடைமுறையையே உற்று நோக்குவோம். வண்டிகள் மலையேற 28 நிமிடத்துக்கும், இறங்க 40 நிமிடத்துக்கும் குறையக்கூடாது என்று தேவஸ்தானம் நேர வரம்பு வகுத்தது. முந்திச் சென்றவர்களிடம் தண்டம் வாங்கியது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஒரு பெண் குழந்தையைச் சிறுத்தை கொன்ற துயரம் நேர்ந்தபோது, பிற்பகல் 2 மணிக்குமேல் சிறுவர்கள் நடந்தேறுவதைத் தடுத்தது. நடந்து செல்லும் பக்தர்களின் கையில் தடியும் கொடுத்தது. இறைவனின் சந்நிதிக்குப் போகும் பாதையில் தடி எதற்கு என்று எவரும் கேட்கவில்லை. திருக்கோயிலை ஆள்வோரே முன்காப்பை நம்பிக்கைக் குறைவாகக் கருதவில்லையென்றால், நாம் மட்டும் ஏன் கருத வேண்டும்?

மெய்யான சமய உணர்வுக்கு நம் நாட்டுச் சட்டம் இடம் தந்தே இருக்கிறது. தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் விலக்கு அளிக்கிறது. பிரிட்டனும் 1976இல் அவ்வாறே அளித்தது. அவர்கள் ஒரு நெறிக்காக அதைக் கேட்டுப் பெற்றார்கள். புழுக்கம், முடி கலைதல், கையில் தூக்கித் திரியும் தொல்லை, "பக்கத்துத் தெருவுக்குத்தானே" என்னும் அலட்சியம் ஆகியவை நாம் சொல்லும் காரணங்கள். சித்திரை வெயிலில் கவசத்துக்குள் தலை வேகும் என்பது மெய், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு நெறியின் பெயரால் கேட்கும் விலக்கையும், ஒரு வசதியின் பெயரால் கேட்கும் விலக்கையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது.

எல்லாவற்றினும் நம்மை வெட்கப்பட வைக்கும் காட்சி வேறொன்று. கணவன் தலையில் கவசம் இருக்கிறது. பின்னால் அமர்ந்த மனைவியின் தலையில் மல்லிகைச் சரம் மட்டும் இருக்கிறது. நடுவே நசுங்கி அமர்ந்த குழந்தையின் தலையில் ஒன்றுமே இல்லை. காவலர் பெரும்பாலும் ஓட்டுகிறவனையே நிறுத்துகிறார் என்பதால், ஓட்டுகிறவன் தலை மட்டும் மூடப்படுகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 4 வயதுக்கு மேற்பட்ட எவரும், பின்னால் அமர்பவர் உட்பட, கவசம் அணிய வேண்டும். 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் 2022இல் தனி விதி வகுக்கப்பட்டது. 'என் தலை, என் விருப்பம்' என்னும் உரிமை வாதத்தை முற்றிலும் ஏற்றுக்கொண்டாலும், அந்தக் குழந்தையின் தலைக்கு அது பொருந்துமா? குழந்தை எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. உரிமையை எவ்வளவு உயர்த்திப் பேசினும், இவ்விடத்தில் அவ்வாதம் வாயடைத்து நின்றுவிடுகிறது.

ஆகவே சட்டம் வேண்டியதே. ஆனால் சட்டம் போதுமா? தமிழ்நாட்டில் 2007இல் கவசம் கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டது. நாளடைவில் அது தளர்ந்தது. 2015இல் உயர்நீதிமன்றத்தின் ஆணையால் ஜூலை முதல் நாளிலிருந்து மீண்டும் கட்டாயமாயிற்று. உள்ளம் ஏற்காத சட்டம், காவலரின் சீழ்க்கை கேட்கும் தொலைவு வரையில்தான் செல்லும். அதற்கப்பால் கவசம் பெட்ரோல் டாங்கின்மேல் அமர்ந்தும், கண்ணாடிக் கம்பியில் தொங்கியும் பயணம் செய்கிறது. தலையில் ஏறினாலும் தாடைப்பட்டை பூட்டப்படுவதில்லை. விழும்போது தலைக்கு முன்னே கவசம் பறந்துபோகிறது. தண்டத்துக்கு அஞ்சி, சாலையோரத்தில் மலிவாகக் கிடைக்கும் ஓட்டை வாங்கிக் கவிழ்த்துக்கொள்வோரும் உளர். ஐ.எஸ்.ஐ. முத்திரையற்ற கவசங்களின் விற்பனை 2021ஆம் ஆண்டு ஜூன் முதல் தடை செய்யப்பட்டும் அப்பழக்கம் ஓயவில்லை. காவலரை ஏமாற்றிவிடலாம், தார்ச்சாலையை ஏமாற்ற இயலுமா?

எனவே இப்பொறுப்பு அரசின் வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறது. மணமகனுக்கு வண்டி வாங்கித் தரும் பெற்றோர் நம்மில் இருக்கிறார்கள். வண்டியோடு இரண்டு நல்ல கவசங்களையும் தாம்பாளத்தில் வைத்துத் தந்தால் மணமகளுக்கும் அச்சீரில் பங்கு கிடைக்கும். கல்லூரியில் சேரும் மகனுக்குச் சாவியைத் தரும் தந்தை, தாம் பட்டை பூட்டுவதை அவன் நாள்தோறும் காணும்படி பூட்டட்டும். குழந்தைக்கு அதன் தலையளவுக்கு ஏற்ற கவசம் கிடைக்கும்வரை அதனை வண்டியில் ஏற்றாமல், பேருந்தில் அழைத்துச் செல்லும் பொறுமை தாய்க்கும் தந்தைக்கும் வரட்டும்.

வெளியே புறப்படுகிறவரை நோக்கி வீட்டிலிருப்போர் "பார்த்துப் போய்வா" என்று சொல்வது நம் வழக்கம். 'போ' என்று சொல்ல நம் நாக்கு கூசுகிறது. 'வா' என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். "போய் வருகிறேன்" என்று அவரும் விடைபெறுகிறார். அது உறுதிமொழி. வழியில் நேர்வதெல்லாம் நம் கையில் இல்லை என்பது மெய்யே. கையிலிருக்கும் கவசத்தைத் தலையில் ஏற்றுவது நம் கையில்தான் இருக்கிறது. அதனையும் செய்யாமல் அவ்வுறுதிமொழியைச் சொல்வது முறையாகுமா என்பதை நம் குடும்பங்கள் எண்ணிப் பார்க்கட்டும்.