தொண்டும் தொழில்நுட்பமும்

முதியோர் இல்லத்துக்குத் தொண்டு செய்தல் என்றதும் பிறந்தநாளிலும் திவச தினத்திலும் ஒருவேளைச் சாப்பாடு கொடுப்பதே நமது நினைவுக்கு வருகின்றது. மேலைத்தேய இளைஞர் சிலர் இன்னொரு தொண்டும் செய்கின்றனர். அது முதியோருக்குக் கணினி பழக்குதல் ஆகும்.

நெதர்லாந்தின் டெவென்ரர் நகரிலுள்ள ஹியூமனிற்றாஸ் முதியோர் இல்லத்தில் 2012ஆம் ஆண்டளவில் பல்கலைக்கழக மாணவர் சிலர் வாடகையின்றித் தங்க அனுமதிக்கப்பட்டனர். பதிலுக்கு மாதம் 30 மணித்தியாலங்கள் நல்ல அயலவராக இருத்தல் வேண்டும். மின்னஞ்சல் அனுப்பப் பழக்குவதும் அதனுள் அடங்கும். கனடாவின் ரொறன்ரோவில் பாடசாலைப் பிள்ளைகள் முதியோருக்கு இணையம் பழக்கியதை 2014இல் வெளிவந்த ‘சைபர் சீனியர்ஸ்’ என்னும் ஆவணப்படம் காட்டுகின்றது.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகின்றது. நடுங்கும் விரலால் மவுசை இருதடவை விரைந்து அழுத்துவது எளிதன்று. பார்த்திருக்கும் இளைஞர் பொறுமையிழந்து, “விடுங்கோ ஐயா, நான் செய்து தாறன்” என்று தானே அழுத்திவிடுகிறார். மகனின் முகம் திரையில் தெரிகின்றது. முதியவருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் மறுநாள் தொண்டர் வராவிட்டால் அவர் பழைய நிலையிலேயே இருக்கிறார். கந்தோரில் இதனைப் பலமுறை கண்டிருக்கிறேன். வயோதிபரின் படிவத்தை மற்றவர் நிரப்பினால் வேலை சுறுக்காக முடியும். என்னத்துக்குக் கையொப்பமிட்டோம் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

எனினும், எல்லோரும் கற்றே ஆகவேண்டும் என வற்புறுத்துவதும் சரியன்று. “பேரப்பிள்ளையைக் காட்டினால் போதும், தம்பி” என்னும் தொண்ணூறு வயது அம்மாவுக்குப் பாடம் நடத்துவது யாருடைய திருப்திக்காக? அவரிடமே கேட்டறிதல் வேண்டும். கடவுச்சொல்லும் அப்படியே. அது வங்கிப் புத்தகம் போன்றது. அவர் அதைத் தட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இளைஞரே நல்ல தொண்டர்.

2020இல் கொரோனாத் தொற்றினால் பல நாடுகளில் முதியோர் இல்லங்களுக்குள் உறவினர் செல்ல முடியவில்லை. அப்போது பழக்குவதற்கு நேரமேது? யாரோ தொலைபேசியைப் பிடித்துக் காட்டியதே பெருந்தொண்டு. கதவு திறந்த பின்னரும் திரையே போதும் எனப் பிள்ளைகள் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதே எனது கவலை. நம்மூரிலும் பிள்ளைகள் லண்டனிலும் கனடாவிலும் உள்ளனர். அவர்களால் நினைத்தவுடன் வரமுடியாது என்பது உண்மையே. கூப்பிடு தூரத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சாட்டு இல்லை.

டெவென்ரர் மாணவர்களுக்கோ அந்த இல்லமே வீடு. கணினியை மூடிய பின்னரும் அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், முதியோருடன் கூடியிருந்து உண்கிறார்கள்.