யாருடைய கைநாட்டு?

எங்கள் அக்காவுக்கு மாதம் ஒருமுறை 'கரண்ட்' வைக்கிறார்கள். ராசிபுரத்துப் பக்கம் எங்கள் சேரியில் அப்படித்தான் சொல்வது. சேகோ மில்லில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள், மனச்சோர்வு முற்றி, சோறு தண்ணி இறங்காமல் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். மந்திரிச்சும் பார்த்தோம். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு வீதம் எட்டு முறை மின்சிகிச்சை. அதன் பிறகுதான் எழுந்து உட்கார்ந்து, "பசிக்குதுடா தம்பி" என்றாள். மின்சிகிச்சை வெறும் வன்முறை என்று எழுதும் தோழர்களோடு என்னால் சேர முடியாததற்கு அந்தச் சொல்தான் காரணம்.

நிறுத்தினால் நோய் திரும்புகிறது. 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், குணமானபின் வெற்று மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 84 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் மறுபடி விழுந்தார்கள். அதனால்தான் தொடர்ந்து வைப்பது. ஆனால் 2006இல் வந்த இன்னோர் ஆய்வில், தொடர் மின்சிகிச்சை பெற்றவர்களில் 37 சதவீதம், நார்ட்ரிப்டிலினும் லித்தியமும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 32 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. ஏறக்குறைய சமம். அப்படியானால் எது வேண்டும் என்று சொல்ல வேண்டியவர் யார்?

இதற்கு விலை ஞாபகம். நோய்க்கு முந்தின வருஷம் மில்லில் கூலியைத் தரையில் வீசினார்களாம். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இப்போது என்னையே கேட்கிறாள், "அப்படியா நடந்துச்சு?" மறந்ததே நல்லது என்கிறார்கள் சொந்தக்காரர்கள். எனக்குக் கோபம் வந்தது. பத்திரமும் பட்டாவும் இல்லாத நம் ஜனத்துக்கு ஞாபகம்தானே ஆவணம்! பிறகு கூசியது. சாட்சி வேண்டியது எனக்கு. வலித்தது அவளுக்கு.

ஏர்வாடியில் 2001இல் 28 பேர் சங்கிலியோடு எரிந்துபோனார்கள். 2017இன் மனநலச் சட்டம் சங்கிலியையும், மயக்க மருந்தில்லாத மின்சிகிச்சையையும் ஒரே பிரிவில் தடை செய்தது. முடிவெடுக்கத் திராணியுள்ள நோயாளியின் ஒப்புதல் அவருடையது என்றும் சொன்னது. முதல்முறை அவள் நினைவின்றிக் கிடந்தாள். நான் கையெழுத்துப் போட்டேன். அது சரி. தெளிந்த பிறகும் மாதாமாதம் காகிதத்தை என்னிடமே நீட்டினார்கள், நானும் போட்டேன். நாம் பேச விடாத வாய்க்கு நாமே பேசுவதை ஊர்க்காரனிடம்தான் கற்றோமா?

போன மாதம் காகிதத்தை அவள் கையில் கொடுத்தேன். வெகுநேரம் வைத்திருந்தாள்.

"மாரியம்மன் நோம்பி முடியட்டும் தம்பி. போன நோம்பி எனக்கு ஞாபகமே இல்ல."

டாக்டர் யோசித்து, இரண்டு வாரம் தள்ளி வைத்தார். எனக்குப் பயம்தான். அந்த இரண்டு வாரமும் அவள் சாப்பிட்டாளா என்று தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.